கடைசி ஆள் கதவைச் சாத்த வேண்டும்

ஏப்ரல் 26, ஊஜி

வந்து சேர்ந்தாயிற்று. கோவையில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, ஒசாகாவில் இறங்கி, அங்கிருந்து மாப்பிள்ளை நவோயாவின் காரில் ஊஜி. உடம்பை அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. விமானத்தில் பக்கத்து இருக்கைப் பெண் நான் இருமும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முப்பது வருஷம் வால்பாறைத் தேயிலைத் தொழிற்சாலையில் தூசி குடித்த நெஞ்சு, இருமாமல் பாட்டா பாடும்? அவளுக்கு இதையெல்லாம் எந்த மொழியில் சொல்வது.

சுகந்தி வாசலிலேயே நின்றிருந்தாள். ஐந்து மாதம், வயிறு நன்றாகத் தெரிகிறது. பார்க்க அவள் அம்மாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. “என்னங்கப்பா, பாதி ஆளா வந்து நிக்கறீங்க?” என்று கட்டிக்கொள்ள வந்தாள். உடம்பெல்லாம் பயண அழுக்கு என்று சொல்லி ஒதுங்கி நின்றேன். முகம் சுருங்கிவிட்டது அவளுக்கு.

பொள்ளாச்சி டாக்டர் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார். டிக்கெட் அந்த வெள்ளிக்கிழமைக்கு. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டால் போயிற்று.

ஏப்ரல் 28

சம்பந்தியம்மா பெயர் ஃபுமிகோ. எழுபது வயது, குச்சி மாதிரி உடம்பு, நடை மட்டும் என்னைவிட வேகம். நான் டீமேக்கர் வேலை பார்த்தவன் என்று சுகந்தி சொல்லி வைத்திருக்கிறாள். எஸ்டேட்டில் டீமேக்கர் என்றால் மிஷின் ஓடுகிறதா, இலை வாடிற்றா, எந்த ஷிஃப்டில் யார் தூங்குகிறான் என்று பார்க்கிற ஆள். இங்கே அதை என்னவென்று நினைத்தார்களோ, அந்த அம்மா தரையில் நெற்றி படுகிற மாதிரி குனிந்து கும்பிட்டார். நானும் குனிந்தேன். எழுந்திருக்கும்போது மூச்சு வாங்கியது.

வீட்டுக்குப் பின்னால் தோட்டம். தோட்டத்தின் கோடியில் ஒரு குடிசை. மரமும் மண்சுவரும், ஜன்னலுக்குக் காகிதம். தேநீர் கொடுப்பதற்கென்றே ஒரு தனி வீடு! சம்பந்தியம்மா நாற்பது வருஷமாக அங்கே விருந்து நடத்துகிறாராம். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து ஆறு வருஷமாக சுகந்தி அவரிடம் கற்றிருக்கிறாள். மே 18 அன்று முதல் தடவையாக அவளே நடத்தப் போகிறாள், சம்பந்தியம்மா விருந்தாளியாக உட்காருவார்.

“நீங்க வர்றீங்கன்னுதாங்கப்பா இந்த நாளையே குறிச்சோம்” என்றாள். “இங்க எனக்குன்னு ஒரு ஆள் உள்ள உக்காந்து பாக்கணும்.”

ஏப்ரல் 29

இவர்கள் தேநீரை இன்று குடித்தேன். பச்சைப் பொடி, வெந்நீர், மூங்கில் மத்தால் ஒரு கடை. கீரை கடைசலில் உப்புப் போட மறந்த மாதிரி இருந்தது. மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையை ஆட்டி வைத்தேன். நல்ல டஸ்ட் டீ கொஞ்சம் பெட்டியில் கொண்டுவந்திருக்கிறேன். அதை வெளியே எடுக்க வெட்கமாக இருக்கிறது.

மே 1

மழை. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன்.

மே 3

மாப்பிள்ளை தேயிலைத் தோட்டம் பார்க்கக் கூட்டிப்போனார். செடிகளுக்கு மேலே கறுப்பு வலையைப் பந்தல் மாதிரி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். வெயில் படாமல் வைத்தால் இலை கரும்பச்சையாகுமாம், துவர்ப்பு குறையுமாம். வால்பாறையில் வெயில் வராதா என்று தவம் கிடப்போம். இவர்கள் வருகிற வெயிலை வெளியே நிறுத்துகிறார்கள். தொழில் தெரிந்தவனுக்குத் தொழில் பேச ஆசை வரும், ஆனால் எனக்குப் பேச மூச்சு இல்லை. சின்ன ஏற்றம்தான். மூன்று இடத்தில் நின்று இலையைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி பாவனை செய்தேன். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, நம்பிவிட்டார், நானும் ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

மே 6

எனக்கென்று தனி டம்ளர், தனித் தட்டு எடுத்து வைத்துக்கொண்டேன். கழுவுவதும் நானே. சாப்பாட்டையும் என் அறைக்குக் கொண்டுபோய்விடுகிறேன். இந்த ஊரில் ஒரு வசதி, முகமூடி போட்டுக்கொண்டால் ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானாகச் சொன்னேன்.

சாயங்காலம் சுகந்தி வந்து கதவோரம் நின்றாள். “மீன் பொழங்கற வீடுன்னு யோசிக்கறீங்களாப்பா? உங்களுக்குத் தனிச் சட்டிலதானே செய்யறேன்?”

“அதெல்லாம் இல்ல கண்ணு. வயசாச்சு. தனியா உக்காந்தா நிம்மதியா இருக்குது.”

“நம்மூர்ல கரண்டியோட வாயில ஊட்டி விடுவீங்க. இங்க வந்து டம்ளரைத் தனியா வெச்சுக்கறீங்க. அத்தை பாத்துட்டுத்தான் இருக்காங்க.”



மே 7

கைக்குட்டைகளை நானே துவைத்துக்கொண்டேன். குளிர்ந்த தண்ணீரில் அலசினால்தான் போகிறது.

மே 10

விருந்தில் என்னென்ன நடக்கும் என்று சுகந்தி இன்று உட்கார்ந்து விளக்கினாள். ஒரு தேநீருக்கு இத்தனை சடங்கா என்று அலுப்புத் தட்டினாலும் அவள் முகத்துக்காகக் கேட்டேன். தோட்டத்துக் கற்களில் தண்ணீர் தெளித்திருந்தால் வீட்டுக்காரர் தயார் என்று அர்த்தம். விருந்தாளிகள் தோட்டத்துப் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். கூப்பிட்டதும் ஒவ்வொருவராகப் போய், தரையோடு தரையாக இருக்கும் கல்தொட்டியில் குந்தி உட்கார்ந்து கை கழுவி, வாய் கொப்பளித்து, குடிசைக்குள் நுழைய வேண்டும். வாசலின் உயரமே முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான். எப்பேர்ப்பட்ட ஆளும் தவழ்ந்துதான் போக வேண்டும். வாள் கட்டியவனும் வெளியே கழற்றி வைத்துவிட்டுத் தவழ்ந்தானாம். எங்கள் எஸ்டேட் மேனேஜர்களை இந்த வாசலில் விட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். அன்றைக்குப் போடுவது கெட்டித் தேநீர். குழம்புப் பதத்தில் இருக்கும். எல்லோருக்கும் சேர்த்து ஒரே கிண்ணம். முதல் ஆள் குடித்து, விளிம்பைத் துடைத்து, அடுத்த ஆளிடம் கொடுக்க வேண்டும்.

“அண்ணாந்து ஊத்திக்க முடியாதுங்கப்பா, ஊத்தினா இறங்காது. வாய் வெச்சுத்தான் குடிக்கணும். அருவருப்பா இருந்தா இப்பவே சொல்லிருங்க. அன்னைக்கு எல்லாரும் இருக்கறப்ப வேண்டாம்னு தலையாட்டினா என்னால தாங்க முடியாது. இந்த வீட்டையே வேண்டாங்கற மாதிரி ஆயிரும்.”

“அருவருப்பு என்ன கண்ணு அருவருப்பு. குடிக்கறேன்.”

“சத்தியமா?”

“கடைசி ஆளா என்னைப் போட்டுரு. மிச்சம் இருக்கறத நான் முடிச்சர்றேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசி ஆளுக்கு இன்னொரு வேலையும் உண்டாம். உள்ளே நுழைந்ததும் அந்தக் குட்டிக் கதவை டக்கென்று சத்தம் வரச் சாத்த வேண்டும். அடுப்படியில் இருக்கும் வீட்டுக்காரருக்கு எல்லோரும் வந்தாயிற்று என்று அந்தச் சத்தம்தான் சொல்லும். மொழி தெரியாதவனுக்கு ஏற்ற வேலைதான். சரி என்றேன்.

கடைசியாகக் குடித்தால் எனக்குப் பிறகு யாரும் வாய் வைக்கப் போவதில்லை. அந்த மட்டில் நிம்மதி.

மே 12

தோட்டத்தில் பாசிமேல் விழுந்த இலைகளை சம்பந்தியம்மா கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் போய்ப் பொறுக்கினேன். எல்லாவற்றையும் பொறுக்கி முடித்துவிட்டு, நல்லதாக நாலு இலையைத் தேர்ந்தெடுத்து மறுபடி பாசிமேல் போட்டார். இது என்ன கூத்து என்று கேட்க பாஷை இல்லை. அவரும் ஏதோ நீளமாகச் சொல்லிவிட்டு என் முகமூடியைப் பார்த்தார். என் இருமல் ஓய்கிற வரைக்கும் இலையோடு நின்றார்.

காலையில் எழுந்தால் சட்டை, தலையணை எல்லாம் நனைந்து கிடக்கிறது. இங்கே மே மாதம் புழுக்கம் அதிகம் போலிருக்கிறது. வீட்டில் மற்றவர்கள் கம்பளி போர்த்திக்கொள்கிறார்கள்.

மே 14

டாக்டரிடம் போகலாம் என்று சுகந்தி இன்று சண்டையே போட்டாள். மாப்பிள்ளை காரை எடுத்து வாசலில் நிறுத்திவிட்டார். பதினெட்டு கழியட்டும், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் வருகிறேன் என்றேன். “இப்பப் போனா என்னங்கப்பா?” என்றாள்.

இப்போது போனால் பதினெட்டாம் தேதி இல்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

மே 15

மஃப்ளர் சுற்றியும் குளிர். தலைவலி. எழுத முடியவில்லை.

மே 17

வீடு கல்யாண வீடாகிவிட்டது. விருந்துக்கு முன்னால் சின்னச் சாப்பாடு உண்டு. எனக்காக மீன் இல்லாமல் எல்லாவற்றையும் சுகந்தி மாற்றியிருக்கிறாள். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்ததில் கால் வீங்கிவிட்டது. நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

“நாளைக்கு மட்டும் நல்லாப் போயிட்டா போதும்பா. அத்தை வாயால நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டாங்க. கிண்ணத்தை வாங்கிக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சா அதுதான் அர்த்தம். ஆறு வருசம் ஆச்சு எனக்கு.”

“கண்ணு, ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தேன்.

“சொல்லுங்க.”

மத்தைத் தண்ணீரில் நனைத்து வைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். அவள் அம்மா முகம் அப்படியே. புடவை கட்டிக்கொள்கிறாயா, அவர்கள் உடையா என்று கேட்டேன். அவர்கள் உடை என்றாள்.

மே 18

இது ஆஸ்பத்திரியில் எழுதுவது. இன்றைக்குள் எழுதிவிட வேண்டும்.

பத்து மணிக்குப் பெஞ்சில் உட்கார்ந்தோம். முதல் விருந்தாளி பக்கத்து வீட்டுக் குரோதா அம்மா, எண்பதைத் தாண்டியவர். அடுத்து சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, நான். கல்லெல்லாம் நனைந்து கிடந்தது. சுகந்தி குடிசைப் பக்கமிருந்து வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை, குனிந்து வணங்கிவிட்டுத் திரும்பிப் போனாள். அதுதான் அழைப்பு. என்னைப் பார்த்தபோது மட்டும் அவள் உதடு கொஞ்சம் கோணிற்று, சின்ன வயதில் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மேடையிலிருந்து எங்களைத் தேடிப் பார்த்தது போல. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை எழுதாமல் இருக்க முடியாது. அந்த நிமிஷம் வரைக்கும் உள்ளே போவது என்றுதான் இருந்தேன்.

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கை கழுவி, வாய் கொப்பளித்து, தவழ்ந்து உள்ளே. குரோதா அம்மாவுக்கு அந்த வாசலில் நுழைய நேரமாயிற்று. அவசரமே இல்லாமல் நுழைந்தார். மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

தொட்டியில் குந்தி உட்கார்ந்தேன். முகமூடியைக் கழற்றினேன். அகப்பையில் தண்ணீர் எடுத்து இடது கை, வலது கை, பிறகு வாய். கொப்பளிக்கும்போதே இருமல் கிளம்பிவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. துப்பினேன். தொட்டிக்கு முன்னால் கூழாங்கல் போட்டிருக்கிறார்கள். அது முழுக்கச் சிவப்பு.

கைக்குட்டையில் பார்ப்பது வேறு. மடித்துப் பைக்குள் வைத்துவிடலாம். இது சம்பந்தியம்மா ஒரு வாரமாகக் குனிந்து குனிந்து ஒவ்வொரு இலையாகப் பொறுக்கிய தரை. அகப்பை அகப்பையாகத் தண்ணீர் ஊற்றினேன். கல் சுத்தமாயிற்று. அடுத்த இருமலில் மறுபடியும்.

வாசலுக்கு வந்து முழங்கால் போட்டேன். தலையை உள்ளே விடாமல் எட்டிப் பார்த்தேன். நாலரைப் பாய் மட்டுமே கொள்ளும் சின்ன அறை. காகித ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. கெட்டில் சூடேறுகிற சத்தம். குரோதா அம்மா சுவரில் தொங்கிய எழுத்துச் சுருளைப் பார்த்துக் குனிந்திருந்தார். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் எனக்கென்று ஓர் இடம் காலியாக இருந்தது. அந்தப் பக்கத்துத் திரைக்குப் பின்னால் சுகந்தி, கதவுச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு. அவள் வயிற்றில் ஒன்று.

கிண்ணத்தில் கடைசியாக வாய் வைத்தால் போதும் என்று எட்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கிண்ணம் கிடக்கட்டும். இந்த அறைக்குள் நான் மூச்சு விடக் கூடாது. தொழிற்சாலையில் எங்கள் ஆள் ஒருவனுக்கு இந்த நோய் வந்தபோது, லைன் வீட்டு ஜன்னலை எல்லாம் திறந்து வை என்று அவன் பெண்டாட்டியிடம் சொன்னவன் நான்தான். எனக்குத் தெரியாமல் என்ன?

கதவை வெளியிலிருந்து இழுத்தேன். டக்கென்று சத்தம் கேட்டது. பிறகு நடந்துபோய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

உள்ளே சுகந்தி திரையை விலக்கியிருப்பாள், மூன்று பேரைப் பார்த்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் அடுப்படி வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். வெள்ளைக் காலுறையோடு நனைந்த கல்மேல். விழுந்துவிடப் போகிறாளே என்று எனக்கு உயிரே போயிற்று.

“ஏங்கப்பா? ஒரு வாய்தானே? எங்க எச்சில் உங்களுக்கு அவ்வளவு...” அழுதாள். “சத்தியம் பண்ணினீங்களே.”

“அங்கேயே நில்லு. கிட்ட வராத.”

“இப்பவும் கிட்ட வராதயா?”

“ரத்தம் வருது கண்ணு. மார்ச்ல இருந்து. டிபின்னுதான் நினைக்கறேன்.”

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்தக் கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்தாள். ஒரு அடி பின்னால் போனாள். போகத்தான் வேண்டும், நான்தான் சொன்னேன். இருந்தாலும் அந்த ஒரு அடியைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

“உள்ள மூணு பேரு காத்திருக்காங்க, போய் முடிச்சுட்டு வா” என்றேன்.

“தேநீர் நாசமாப் போகட்டும்” என்று கத்தினாள். அந்தத் தோட்டத்தில் அவ்வளவு சத்தமாக இதுவரை யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை வந்தார், போனை எடுத்தார். சம்பந்தியம்மா குரோதா அம்மாவின் கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் கூட்டிப்போனார். போகும் வழியில் அந்தக் கிழவி தூரத்தில் நின்று என்னைப் பார்த்து ஒருதரம் குனிந்தார். நான் எழுந்து குனிய முயன்றேன், கால் எழவில்லை. ஆம்புலன்ஸ் வரும் வரை கெட்டில் உள்ளே தனியாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

மே 19

டிபிதான். தனி அறை. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம்.

மே 21

சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். போனில் மொழிபெயர்ப்பவர் மூலமாகக் கேட்டாள். இருமல் எப்போது தொடங்கியது, யார் யாரோடு இருந்தீர்கள், காரில் எத்தனை நேரம், சாப்பிடும்போது எங்கே. திட்டவே இல்லை. ஒவ்வொரு பதிலுக்கும் நன்றி சொன்னாள். கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

மே 25

கர்ப்பிணியை அறைக்குள் விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று போனில் பேசினாள். எதிரே நிற்கிறாள், குரல் மட்டும் காதுக்குள் கேட்கிறது.

“தெரிஞ்சுதானே தனி டம்ளர் எடுத்துக்கிட்டீங்க?”

“ஆமா.”

“தெரிஞ்சுதானே முகமூடி போட்டீங்க? நான் என்னமோ எங்க வீடு உங்களுக்கு ஆகலைன்னு தினமும் அழுதேன். நீங்க அழ விட்டீங்க.”

“நீ நடத்தற அந்த ஒரு நாளைக் கெடுக்க வேண்டாம்னு...”

“கடைசில கதவைச் சாத்திட்டு வெளிய உக்காந்தீங்களே, நவோயா அதையே சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படறாரு. அப்பா பெரிய மனுசன்னு. நீங்களும் அப்படித்தான் நினைச்சுட்டு இருக்கீங்களா? மூணு வாரம் எங்க கூட இருந்தீங்கப்பா. கார்ல இருந்தீங்க. அத்தை பக்கத்துல குனிஞ்சு இலை பொறுக்கினீங்க. அந்தக் கதவை எல்லாம் யாரு சாத்தறது?”

அப்படித்தான் கொஞ்சம் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி வழியாக அது தெரிந்திருக்கும். போனை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 9

மாத்திரையில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறது. நர்ஸ் பயப்பட வேண்டாம் என்று படம் வரைந்து காட்டினாள். எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது.

ஜூன் 23

சுகந்தி வரவில்லை. மாப்பிள்ளை வந்தார், கையை ஆட்டினார், பழம் கொடுத்தனுப்பினார்.

ஜூலை 24

என்னிடமிருந்து தொற்றியதா என்று எல்லோருக்கும் இரண்டாவது தடவையாக ரத்தம் எடுத்துப் பார்த்ததில் முடிவு வந்துவிட்டது. சுகந்தியே வந்து சொன்னாள். அவளுக்கு ஒன்றுமில்லை. மாப்பிள்ளைக்கு ஒன்றுமில்லை. குரோதா அம்மாவுக்கும் இல்லை. சம்பந்தியம்மாவுக்குத் தொற்றியிருக்கிறது. நோயாக மாறவில்லை, மாறாமல் இருக்க மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும்.

கட்டிலில் உட்கார்ந்தேன். அவர் வீட்டில் தங்கி, அவர் சோற்றைத் தின்று, கடைசியில் அவருக்கு நான் கொடுத்துவிட்டு வந்தது இதுதான்.

சுகந்தி தன் போனில் அவரைக் கூப்பிட்டு, திரையைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தாள். சம்பந்தியம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு மாத்திரையை விரல் நுனியில் பிடித்து எனக்குக் காட்டினார், விழுங்கினார், தண்ணீர் குடித்தார். ஏதோ சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

“என்ன சொல்றாங்க?”

சுகந்தி சிரிக்காமல் மொழிபெயர்த்தாள். “ஒரே கிண்ணத்துல குடிக்கத்தான் முடியல, ஒரே மருந்தையாவது சாப்பிடறோமேங்கறாங்க.”

கைகூப்பினேன். அழுதுவிட்டேன். அந்த அம்மா குனிந்து வணங்கிவிட்டுத் திரையிலிருந்து மறைந்துவிட்டார். சுகந்தி போனைப் பைக்குள் போட்டாள், உடனே போகவில்லை. வயிறு பெரிதாகிவிட்டது அவளுக்கு, கண்ணாடியை ஒட்டி நிற்க முடியவில்லை. அறைப் போனை எடுத்தாள். நானும் எடுத்தேன்.

“அத்தை மன்னிச்சுட்டாங்க” என்றாள்.

“நீ கண்ணு?”

என் மகள் பொய் சொல்லத் தெரியாதவள், அவள் அம்மா மாதிரி.

“இன்னும் இல்லீங்கப்பா.”

“சரி.”

“சரின்னு விட்டுறாதீங்க. வர்றப்பெல்லாம் கேளுங்க.”